முதல் இருபத்தைந்து சதவீதம்

எம்.எஸ்ஸி. மாணவி சாருலதாவின் மூளைக்கு அன்றைக்கு விலை ஒரே ஒரு டிக். அதைப் போட வேண்டியவர் பேராசிரியர் விஸ்வநாத்.

ஐரோப்பாவில் மூன்று பல்கலைக்கழகங்கள் கூட்டாக நடத்தும் பயன்பாட்டுக் கணித முனைவர் ஆய்வுக்கு அவள் விண்ணப்பித்திருந்தாள். இவள் உங்கள் மாணவர்களில் எந்த இடம் என்று பரிந்துரைப் படிவம் கேட்டது.

முப்பது வருட சர்வீஸில் இவளைப் போல ஒருத்தியை அவர் பார்த்ததில்லை. ஆனால் இவள் போய்விட்டால், பாதியில் நிற்கும் தன் ஆய்வை யார் முடிப்பது? 'முதல் ஒரு சதவீதம்' என்ற கட்டத்தைத் தாண்டி, 'முதல் இருபத்தைந்து சதவீதம்' கட்டத்தில் டிக் போட்டார். ஒன்றும் இருபத்தைந்துக்குள்தானே அடக்கம், பொய் இல்லையே என்று மனசைத் தட்டிக்கொடுத்தார்.

இரண்டு மாதம் கழித்து அவள் அவர் அறைக்கு வந்தாள்.

"கிடைக்கலை சார். மூணு பரிந்துரையில ஒண்ணு சப்புனு இருந்ததாம். நான் ட்ரெய்னிங் போன ஜீடிமெட்லா கம்பெனி மேனேஜர் எழுதினதாத்தான் இருக்கும். பாதியில விட்டுட்டேன்னு கோபம்."

"போகட்டும்மா. இங்கேயே பிஎச்.டி. பண்ணு. நான் இருக்கேன்ல."

"நக்கோ சார், வேண்டாம். அப்பா எனக்கு பெங்களூருல ஒரு வேலை பார்த்து வச்சுட்டாரு, திங்கட்கிழமை சேரணும். எனக்கு வருத்தமே உங்களை நினைச்சுத்தான்."

"எனக்கென்ன?"

விண்ணப்ப நகலை மேஜையில் வைத்தாள்.

"தேர்வாகுற மாணவி, கூட ஒரு வழிகாட்டியை அழைச்சிட்டு வரலாம். மூணு வருஷம் அங்கேயே வேலை. உங்க பேரைத்தான் எழுதியிருந்தேன். கிடைச்சதும் சொல்லலாம்னு வச்சிருந்தேன் சார்."

அவள் போனபின் விஸ்வநாத் கூட்டிப் பார்த்தார். போட்டது ஒரு டிக். போனது அவள் இடம், அவர் இடம், பாதியில் நிற்கும் ஆய்வு. ஆக மூன்று.