மீசை வைத்த மான்

ஒக்டாவின் அம்மா துண்டை விலக்கியதும் இலிங்காவுக்கு அது எது என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

துண்டுக்குள் இருந்தது ஒரு விஸ்கி பாட்டில். வெளிநாட்டுச் சரக்கு. லேபிளில் ஒரு கலைமான். அந்த மானுக்கு யாரோ நகத்தால் கீறி மீசை வைத்திருந்தார்கள்.

யாரோ என்ன யாரோ. ஒக்டாவேதான்.

அந்த ஒக்டாவ் இப்போது ஆஸ்பத்திரி வராந்தாவில், ஸ்ட்ரெச்சரில், முழங்காலை மார்போடு இழுத்துப் பிடித்துக்கொண்டு முனகுகிறான். குடல்வால் வெடித்துவிட்டது, இனிமேல் தாமதித்தால் ஆள் தேறமாட்டான் என்று காலையிலேயே நர்ஸ் காதோடு சொல்லிவிட்டுப் போனாள். டாக்டர் பூஷிலாவுக்கு மட்டும் அவசரமே இல்லை. ஆபரேஷன் தியேட்டரில் ஹீட்டர் ஓடவில்லை என்றார். மயக்க மருந்து தலைநகர் புகாரெஸ்டிலிருந்து வரவேண்டும் என்றார். இதற்கெல்லாம் என்ன அர்த்தம் என்று இங்கே பால் குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும். பெற்றவளுக்குத் தெரியாதா? ஓடிப்போய் பாட்டிலோடு வந்து நிற்கிறாள்.

போன குளிர்காலத்தில் இதே பாட்டில் தொழிற்சாலை டைரக்டரின் அலமாரியில் இருந்தது. வீடு கேட்டோ வேலை கேட்டோ யாரோ கொண்டுவந்து வைத்தது. இப்படிப்பட்ட பாட்டிலை யாரும் குடிப்பதில்லை. வாங்கியவர் தனக்கு மேலே இருப்பவருக்குக் கொடுப்பார். அவர் தன் காரியத்துக்கு இன்னொருவருக்கு. இப்படியே அது ஊரைச் சுற்றி வரும்.

இலிங்கா அங்கே டைப்பிஸ்ட். ஒக்டாவ் ஹீட்டர் குழாய் ரிப்பேர் பார்க்க வந்தவன். டைரக்டர் கட்சிக் கூட்டத்துக்குப் போயிருந்த ஒரு மதியம், இரண்டு பேரும் கதவைத் தாழிட்டுக்கொண்டு அதை மாறி மாறிக் குடித்துத் தீர்த்தார்கள். முதல் முத்தமும் அன்றைக்குத்தான். காலி பாட்டிலில் கடுந்தேநீரை ஊற்றி, கார்க்கை அழுத்தி, சிவப்பு மெழுகுவர்த்தியை உருக்கி அடைத்தார்கள்.

"திருட்டுப் பயலுக, டீயக் குடிச்சிட்டுச் சாவட்டும்" என்றான் ஒக்டாவ். இனி நம் கையால் எவனுக்கும் எதுவும் கொடுப்பதில்லை என்று அவள் தலையில் அடித்துச் சத்தியமும் செய்தான்.

அரசாங்கத்தையே கவிழ்த்துவிட்ட மாதிரி இருந்தது அன்றைக்கு.

"அத்தை, இது எங்க கிடைச்சுது?"

"வீட்டு வசதி ஆபீஸ் டிரைவர்கிட்ட. பன்னியக் குடுத்துட்டேன்."

கிறிஸ்துமஸுக்கென்று தன் ரொட்டியில் பாதியைப் போட்டு வளர்த்த பன்றி. அது போய்த் தேநீர் வந்திருக்கிறது. இலிங்காவுக்குத் தன்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

சொல்லிவிடலாமா? சொன்னால் கொடுப்பதற்கு வேறு எதுவும் இல்லை. சொல்லாமல் விட்டு டாக்டர் திறந்து பார்த்துவிட்டால், தன்னைக் கேலி செய்ய வந்தார்கள் என்று ஒக்டாவை இந்த வராந்தாவிலேயே சாக விட்டுவிடுவார்.

டாக்டர் அடுத்த அறையிலிருந்து வெளியே வந்தார்.

"டாக்டர் ஐயா" என்றாள் ஒக்டாவின் அம்மா. கட்சி ஆட்சியில் எவரையும் தோழர் என்றுதான் கூப்பிட வேண்டும் என்பதுகூட அவளுக்கு மறந்துவிட்டது. "ஏதோ எங்களால முடிஞ்சது."

அவர் கூச்சமே இல்லாமல் வாங்கிக்கொண்டார். ஜன்னல் பக்கம் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தார். மானைப் பார்த்தார். பிறகு கட்டைவிரல் நகம் பாட்டில் கழுத்திலிருந்த மெழுகை மெல்லச் சுரண்டியது.

"திறக்காதீங்க!" என்று கத்திவிட்டாள் இலிங்கா.

வராந்தா முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அத்தை அவள் கையைக் கிள்ளினாள். "உனக்கென்னடி, பைத்தியமா?"

டாக்டர் கோபப்படவில்லை. இலிங்காவை ஏற இறங்கப் பார்த்தார். விரலை அசைத்து அருகில் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஓ, உனக்கும் தெரியுமா? இத யாரும்மா திறப்பா? மெழுகு கெட்டியா இருக்கான்னு பாத்தேன். போன தடவை எங்கிட்ட வந்தப்ப உள்ள பூஞ்சை புடிச்சுக் கெடந்துச்சு. அதக் கொட்டிட்டுப் புது டீ ஊத்தினவனே நான்தான்."

அப்போதுதான் கவனித்தாள். மெழுகு மஞ்சளாக இருந்தது.

"தெரிஞ்சுமா வாங்குறீங்க?"

"எனக்கு மட்டுமா தெரியும்? நாளைக்கு நான் குடுக்கப்போற ஆளுக்கும் தெரியும். பாட்டில் இருக்குல்ல, அது போதும்."

பாட்டிலைக் கோட்டுக்குள் செருகிக்கொண்டு, நர்ஸைப் பார்த்துத் தலையசைத்தார். தியேட்டரில் ஹீட்டர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. மயக்க மருந்தும் எங்கிருந்தும் வரவேண்டியிருக்கவில்லை.

அந்த ஆளின் கையைப் பிடித்து முத்தமிட வேண்டும் போலிருந்தது இலிங்காவுக்கு. அப்படித் தோன்றியதற்காக வெட்கமாகவும் இருந்தது. அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நல்ல சரக்குடி. பாரு, உடனே வேலை செஞ்சிருச்சு" என்றாள்.

ஸ்ட்ரெச்சர் நகர்ந்தது. ஒக்டாவ் இலிங்காவின் கோட்டு நுனியைப் பிடித்துக்கொண்டான். உதடு வெளுத்திருந்தது.

"அந்த ஆளுக்கு ஒண்ணும் குடுக்கலையே?"

அவள் குனிந்து அவன் விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்தாள்.

"வெறும் டீதான்டா குடுத்தோம்."

அவ்வளவு வலியிலும் அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் வேடிக்கை பேசுகிறாள் என்று நினைத்துக்கொண்டே உள்ளே போனான்.