ஆறாவது கையெழுத்து

“‘நம்ம ஆளுங்க யாருமே சாக மாட்டாங்களாப்பா?’ன்னு அஞ்சு வயசுல எங்கப்பாவைக் கேட்டேன். போத்தனூர்ல மத்த எல்லாருக்கும் சுடுகாடோ கல்லறையோ இருந்துச்சு. யூதருக்கு மட்டும் ஒண்ணுமே இல்ல.”

“அப்பா என்னங்க சொன்னாரு?” என்றாள் உமாதேவி. மைசூரில் பழைய பதிவேடுகளை வைத்திருக்கும் அந்த அலுவலகத்தில் கட்டுகளை எடுத்துக் கொடுப்பதும் திரும்ப அடுக்குவதும் அவள் வேலை.

“ஒருத்தர் செத்திருக்கார், மைசூர்லன்னார். என் தாத்தாவோட தாத்தா. சாலமன் ஓவர்சியர்.”

எஸ்தருக்கு அறுபத்தைந்து வயது. அப்பா ரயில்வேயில் இருந்ததால் போத்தனூர்த் தமிழ். இப்போது இருப்பது தானேயில். சாலமனின் கல்லறை ஊருக்கு வெளியே ஒரு வேப்பமரத்தடியில் இருக்கிறது. சாலையை அகலப்படுத்தப் போகிறார்கள். கல்லறையை விட்டுவைக்கக் கேட்கும் கோப்பு, சாலமன் குடும்பத்தின் பழைய பதிவோடு, இன்று வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் போய்ச் சேராவிட்டால், திங்கட்கிழமை அங்கே ஜேசிபி நிற்கும்.

நான்கு நாள் தேடியும் ‘யூதர்’ என்ற பெயரில் ஒரு தாள்கூடக் கிடைக்கவில்லை. நேற்று மாலைதான் எஸ்தர் பேச்சுவாக்கில் சொன்னார்: “கொங்கணத்துல எங்களை யூதர்னே சொல்ல மாட்டாங்க. எண்ணெய் ஆட்டுற தொழில், சனிக்கிழமை லீவு. அதனால ‘சனிவார தேலி’ன்னுதான் பேரு.”

“தேலின்னா எண்ணெய்க்காரருங்களா? அட, இத மொதல்லயே சொல்லியிருக்கலாமுங்க.”

உமாதேவி நேராகப் போய்ச் செக்கு ஆட்டும் காணிகர்களின் கட்டை இறக்கினாள். 1878-ஆம் வருஷப் பஞ்ச நிவாரணப் பதிவேடு. ரோடு போட வந்த ஓவர்சியர் சாலமன், எண்ணெய்ச் செக்குக்காரர்கள் நடுவே நூற்றைம்பது வருஷமாகச் சமர்த்தாக உட்கார்ந்திருந்தார்.

இன்று காலை, பழைய கன்னட எழுத்தை உமாதேவி விரல் வைத்து வாசித்தாள்.

“பிள்ளைங்க... ரூபன், லேவி, மிரியம், சாரா, தாவீது.” விரல் அடுத்த வரியில் நின்றது. “இது மங்கலா இருக்குதுங்க.”

கண்காணிப்பாளர் ரூபா எட்டிப் பார்த்தார். “என்ன மங்கல்? பாப்பம்மாள்னு பளிச்சுனு இருக்கு. ஆறு பிள்ளைங்க. கல்லறையக் காப்பாத்தணும்னா ஒவ்வொரு பிள்ளையோட வாரிசும் மனுவுல கையெழுத்துப் போடணும். உங்க மனுவுல அஞ்சுதானே இருக்கு?”

“மேடம், எங்க வம்சத்துல பாப்பம்மாள்னு யாருமே கிடையாது. ரூபன், லேவின்னு பேர் வெச்ச வீட்டுல பாப்பம்மாள் எப்படி வருவா? எழுதினவர் கைதவறிட்டார்.”

“ஆளு தப்பு பண்ணலாம் ரீ. பதிவேடு தப்பு பண்ணாது,” என்றார் ரூபா. ‘ரீ’ கன்னட மரியாதை.

“ஓவர்சியரை எண்ணெய்க்காரர்னு எழுதின பதிவேடுதானே?”

ரூபாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் தலையை ஆட்டினார். “நான் என்ன பண்ணட்டும்? ஆறுக்கு ஆறு வேணும். இல்லன்னா கோப்பு போகாது.”

“இல்லாதவளோட வாரிசை நான் எங்க போய்த் தேடறது? அந்தப் பேரு எங்க குடும்பத்துலயே இல்ல, உமாதேவி. நீங்களாவது சொல்லுங்க.”

“இருக்கலாமுங்க,” என்றாள் உமாதேவி மெதுவாக. “மணி ஒண்ணரை ஆச்சு. போய்க் கொஞ்சம் சாப்பிட்டு வாங்கம்மா. முகமே வாடிப்போச்சு.”

எஸ்தர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தானேயிலிருக்கும் தம்பிக்குப் போன் போட வெளியே போனார். ரூபா சாப்பாட்டு டப்பாவோடு பக்கத்து அறைக்குப் போனார். சில நல்ல காரியங்களுக்குக் கடவுள் மதிய இடைவேளையைத்தான் ஒதுக்கி வைத்திருக்கிறார்.

மூன்று மணிக்கு ரூபா மனுவைப் புரட்டினார். விரலால் எண்ணினார். மறுபடி எண்ணினார்.

“ஆறும் இருக்கே. அப்புறம் எதுக்குக் காலையிலேர்ந்து இந்தப் புலம்பல்?” முத்திரை விழுந்தது. கோப்பு போனது.

முத்திரை விழுந்தபோதே எஸ்தர் எட்டிப் பார்த்திருந்தார். ஆறாவது வரியில், அவரால் வாசிக்க முடியாத கன்னடத்தில், ஒரு கையெழுத்து இருந்தது. அறை மூலையில் உமாதேவி மும்முரமாகப் பதிவேட்டுக் கட்டுக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தாள்.

வாசலுக்கு வந்ததும் எஸ்தர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். “எனக்காகப் பொய்க் கையெழுத்துப் போட்டுட்டீங்களா? தெரிஞ்சா வேலை போயிடுமே.”

“வேலை எங்கேயும் போகாதுங்க. நீங்க வெளிச்சம் இருக்கறப்பவே ரூமுக்குப் போய்ச் சேருங்க. சனிக்கிழமை ஓய்வுக்கு இன்னைக்கே விளக்கேத்தணும்னீங்கல்ல?”

“உங்களுக்கு நான் என்ன செய்வேன்?”

“ஒண்ணும் வேண்டாமுங்க. அடுத்த தடவை வந்தா தானேயிலேர்ந்து ஏதாச்சும் தின்பண்டம் கொண்டாங்க.”

ஆட்டோ திரும்பும் வரை கையாட்டிவிட்டு உமாதேவி உள்ளே வந்தாள். அறையில் யாரும் இல்லை. அந்தக் கட்டைத் திரும்ப அலமாரியில் ஏற்றுமுன் பதிவேட்டின் அந்தப் பக்கத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

தாது வருஷப் பஞ்சத்தில் ரோட்டோரம் கிடந்த ஒரு பெண் குழந்தையைத் தன் மகள் என்று எழுதிக் கஞ்சி வார்த்து வளர்த்து, தமிழ்நாட்டு எல்லையோரம் ஹனூரில் கட்டிக்கொடுத்தார் ஓர் ஓவர்சியர். அவருக்காக அந்த ஆறாவது வரியில், இந்தக் கதையைக் கேட்டே வளர்ந்த பாப்பம்மாளின் பேத்திக்குப் பேத்தி உமாதேவி, தன் சொந்தப் பெயரைத்தான் எழுதியிருந்தாள்.