மாடியில் ஓய்வு

போன ரம்ஜான் நெருக்கடியில் டெய்லர் முதசிர் தையல் மெஷின் மேலேயே மயங்கி விழுந்தான். அதனால் இந்த வருடம் நோன்புக்கு முன்பே அவன் மனைவி சாயிரா கடைச் சாவியைப் பிடுங்கிக்கொண்டாள். கடைக்கு மேலிருந்த வீட்டில் அவனைப் படுக்க வைத்தாள்.

"கூட்டம் நோன்புலதான வரும்? அதுவரைக்கும் தெம்பச் சேத்து வைங்க."

"எவனாவது முன்னாடியே துணி கொண்டாந்தா?"

"நான் பாத்துக்கறேன்."

"நீயா? பட்டனுக்குக் காஜா எடுக்கறதத் தாண்டி உனக்கு என்னா தெரியும்?"

அவள் சிரித்தபடி இறங்கிப் போனாள்.

முதசிர் புரண்டு புரண்டு படுத்தான். கண்ணை மூடினால் கீழே மெஷின் ஓடியது. சாப்பாடு கொண்டுவந்த சாயிராவிடம் அதைச் சொன்னதற்கு அவள் சிரித்தாள்.

"காதுல பழகிப்போன சத்தம்ங்க. படுக்கறதுக்குக்கூட உங்களுக்குச் சொல்லித் தரணுமா?"

நோன்பு தொடங்கிய அன்று சாவியைத் திரும்ப வாங்கிக் கடையைத் திறந்து, டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். மதியம் வரை ஒருவரும் வரவில்லை. எழுந்தான், உட்கார்ந்தான், வாசலுக்குப் போய் எட்டிப் பார்த்தான். மொத்தத் தருமபுரியும் வேறு டெய்லரிடம் போய்விட்டதா? வருடம் ஓடுவதே இந்த ஒரு மாதத் தையலில்தான்.

ஒருவழியாக, வருடா வருடம் துணி கொடுக்கும் இண்டூர் நூர் பாஷா வந்தார். கையில் துணி இல்லை.

"தச்சாச்சுங்களா மாஸ்டர்?"

"எதுங்க?"

"புள்ளைங்க ஜிப்பாதாங்க. நோன்புல அவருக்கு முடியாது, முன்னாடியே துணியக் குடுத்துடுங்கன்னு உங்க வூட்டம்மா எல்லாருக்கும் போன் போட்டாங்களே?"

முதசிர் மாடிக்கு ஓடினான். உள்ளறைத் திரையை விலக்கினான். தைத்து மடித்த ஜிப்பாக்களுக்கு நடுவே சாயிரா அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். பாதங்கள் மட்டும் தூக்கத்திலும் மெஷின் மிதித்துக்கொண்டிருந்தன.