வெறும் வயிறு

காலை வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலை ஆஸ்பத்திரிக் கட்டிலில் போட்டிருக்கிறது. உடல் எடை குறைய வயிற்றைச் சுருக்கும் ஆபரேஷன் முடியும்வரை பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படக்கூடாது என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். அம்மாவுக்கு நம்பிக்கையில்லை. பதினாறு வயது மகளின் தலையணையைத் தூக்கிப் பார்க்கிறாள், பையை உதறுகிறாள், குனிந்து வாயை முகர்கிறாள். போலீஸ் நாய் தோற்றுவிடும். "என்னத்தடி தின்னே? பிஸ்கட் வாசம் மூக்கைத் துளைக்குது." ஜன்னலோரம் நிற்கும் அப்பாவின் சட்டைப்பை புடைத்திருக்கிறது. அவர் அசையும்போதெல்லாம் உள்ளே உறை சரசரக்கிறது. அம்மா முகம் கழுவப் போனதும் கட்டிலருகே வந்து ஒரு பிஸ்கட்டை நீட்டுகிறார். "ஒண்ணே ஒண்ணும்மா. பசி தாங்க மாட்டே." அவள் பிஸ்கட்டைப் பார்க்கவில்லை, அப்பாவின் முகத்தைப் பார்க்கிறாள். "இதைத் தின்னா இன்னைக்கு ஆபரேஷன் பண்ண மாட்டாங்க, அதானேப்பா?" நீட்டிய கை நீட்டியபடியே இருக்கிறது.