புகையாத தெரு

உசிலை மரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். இடுப்பு உயரத்தில் ஒரு முழத்துக்குப் பட்டை இல்லை. சுற்றிலும் உரித்திருந்தார்கள்.

பக்கத்து மரமும் அப்படித்தான். அதற்கடுத்ததும்.

தலையில் அடித்துக்கொண்டான்.

பச்சை மரத்தை வெட்டக் கூடாது, விறகுக்குப் போகும் பெண்கள் காய்ந்ததை மட்டும் பொறுக்கலாம். கிராம வனக்குழுத் தலைவனாக அவன் போட்ட சட்டம் அது. யாரும் மீறவில்லை. வெட்டாமல் பட்டையை மட்டும் உரித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். கோடைக்குள் மரம் நின்றபடியே செத்துவிடும். அப்புறம் அது காய்ந்த விறகுதானே!

ஒரு காலத்தில் மொட்டையாய்க் கிடந்த கரட்டுக் குன்று அது. ஆடுகளை விரட்டி விரட்டி ஊரெல்லாம் பகை சம்பாதித்தான். தீப்பிடித்த கோடையில் தழையைக் கொண்டு அடித்து அணைத்ததில் முழங்கை வெந்தது. அப்படி வந்த மரங்கள்.

அன்று சாயங்காலமே கூட்டம் போட்டான்.

“இந்தப் பொம்பளைங்களோட மாரடிக்க என்னால ஆகாது” என்று கத்தினான்.

மழை விழும்வரை சுள்ளி பொறுக்கக்கூட யாரும் காட்டுக்குள் போகக் கூடாது என்று முடிவானது. ஆண்கள் எல்லோரும் கை தூக்கினார்கள்.

பெண்களைக் கூப்பிடவில்லை. எப்போதுமே கூப்பிடுவதில்லை.

அதற்குப் பிறகு காட்டுப்பக்கம் ஒருத்தியும் வரவில்லை. அவனுக்கே ஆச்சரியம். நிம்மதியாகக் காவல் சுற்றினான்.

ஒருநாள் உச்சி வெயிலில் பசியோடு வீட்டுக்கு வந்தான். மனைவி மாதம்மா தட்டைக் கொண்டுவந்து வைத்தாள்.

தட்டில் ஊறவைத்த ரேஷன் அரிசி. ஓரத்தில் கொஞ்சம் உப்பு. ஒரு பச்சை மிளகாய்.

“என்ன இது?”

“சோறு.”

“வேகவே இல்லையே.”

“விறகு இல்ல.”

“சிலிண்டர் என்னாச்சு?”

“தீர்ந்துபோச்சு. அந்த வண்டி இந்த மலைக்கு எப்ப வந்துச்சு?”

அவனுக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது.

“பட்டையை உரிச்சா மரம் செத்துப்போகும்னு உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியும். சாகட்டும்னுதானே உரிச்சோம்.”

உரிச்சோம்.

பத்து வருஷமாக அவன் காப்பாற்றிய மரம். அதை உரித்தவள் தண்ணீர்ச் சொம்பை அவன் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

சட்டையை மாட்டிக்கொண்டு டீக்கடைக்கு நடந்தான். டீ போடுகிறவள் பெஞ்சில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். அடுப்பில் சாம்பல்.

திரும்பித் தெருவைப் பார்த்தான். ஒரு கூரையிலும் புகை இல்லை.

அநேகமாக வாசல்தோறும் ஒரு ஆண் உட்கார்ந்திருந்தான். ஆளுக்கொரு தட்டு. எதையோ மென்றுகொண்டிருந்தார்கள்.

“நல்ல சட்டம் போட்டீங்க தலைவரே” என்றான் வேடியப்பன், வாயில் அரிசியோடு.

அவன் நடுத்தெருவில் நின்றான். கோபமெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. பசிதான் மிச்சம் இருந்தது.

மறுபடி கூட்டம் போட்டாக வேண்டும். இந்தத் தடவை பெண்கள் வராமல் ஒன்றும் ஆகாது.

கூட்டத்துக்கு ஆளை வீட்டு வாசலில் நின்று பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். அதுவும் அவன் கொண்டுவந்த வழக்கம்தான்.

எதிர்வீட்டிலிருந்து தொடங்கினான். வீட்டுக்காரன் மாடு ஓட்டிப் போயிருந்தான். வீட்டுக்காரி வாசல் நிலையில் சாய்ந்து நின்று இவனையே பார்த்தாள். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து எத்தனையோ வருஷம். தினமும் பார்க்கிற முகம்.

கூப்பிட வாயெடுத்தான்.

சென்னையன் சம்சாரம். ஊரே அப்படித்தான் சொல்லும். அவனும் அப்படித்தான் சொல்வான்.

பெயர்?

வாய் திறந்தபடி நின்றது.

திரும்பிப் பார்த்தான். மாதம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு அந்தப் பெயர் தெரியும்.

சொல்லவில்லை.