வட்டம் போட்ட படம்

ஸ்கேனுக்காகக் காலையிலிருந்து உடம்பே பட்டினி கிடந்தது. பிறகு ஊசி வழியாக மருந்துச் சர்க்கரை வந்து இறங்கியது.

"ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கலாம்," என்றது கல்லீரல்.

இதுவரை ஒரு வேலையும் செய்திராத புற்றுநோய்க் கட்டி முண்டியடித்து வந்தது. "தள்ளுய்யா! நிவாரணக் குழுவுக்கு நான்தான் தலைவர்." அள்ளி அள்ளி விழுங்கியது.

சர்க்கரைக்கே பாவமாகிவிட்டது. "அண்ணே, என்னை அதிகமா தின்னா வெளியே தெரியற மாதிரி மின்னுவீங்க. அப்புறம் கத்திதான்."

"தலைவன் மின்னாம தொண்டனா மின்னுவான்? இன்னும் போடு!"

திரையில் கட்டி தகதகவென்று ஒளிர்ந்தது. டாக்டர் அதைச் சுற்றிச் சிவப்பில் வட்டம் போட்டார்.

கட்டி கல்லீரலை இடித்துச் சிரித்தது. "பாத்தியா? இத்தனை பேர் இருக்கிற படத்துல எனக்கு மட்டும்தான்யா வட்டம்!"