கூடவே வளரும் கதவு

நீங்கள் ஒரு படி ஏறினால், தானும் ஒரு படி ஏறிக்கொள்ளும் கதவு எது? சொல்லுங்கள் பார்ப்போம்.

முள்ளெலிக்குத் தெரியும். தான் நடத்தும் பகடை ஆட்டத்தில் அந்தத் தோட்டத்துக் கதவை வைத்ததே அதுதான். படிக்கு ஒன்றாக ஏறும் ஆடுபவரின் பலமும் பகடையில் விழும் எண்ணும் சேர்ந்து கதவின் பலத்தை எட்டினால் கதவு திறக்கும். முள்ளுக்குப் பயந்து யாரும் பக்கத்தில் உட்காராத அதற்கு, விளையாட வந்த ஒரே துணை செம்மி என்ற ஆட்டுக்குட்டி. கதவு சுலபமாகத் திறந்தால் செம்மிக்குச் சலித்துவிடும். திறக்காவிட்டால் அழுதுகொண்டு போய்விடும். அந்தப் பயத்தில், செம்மி படி ஏறும்போதெல்லாம் முள்ளெலி கதவின் பலத்தையும் ஓசைப்படாமல் ஏற்றிவந்தது.

அன்று செம்மி ஐந்தாம் படிக்கு வந்திருந்தது. "இப்ப என் பலம் அஞ்சு. கதவு திறக்க மொத்தம் எத்தனை வேணும்?"

"ஒன்பது" என்றது முள்ளெலி.

"அப்போ பகடையில நாலு விழணும். முதல் படியில என் பலம் ஒண்ணு, கதவுக்கு அஞ்சு. அப்பவும் நாலுதான். அதே தோட்டத்துக் கதவுதானே, முள்ளா?"

"கொஞ்சம்... தடிச்சுப்போச்சு."

"அதுக்கு யார் தீனி போட்டா?"

செம்மி எழுந்து போய்விடுமோ என்று முள்ளெலியின் முட்களெல்லாம் சிலிர்த்து நின்றன.

செம்மி எழுந்து போகவில்லை. தன் பலத்தைக் குறித்துவைத்த தாளில் இருந்த ஐந்தை அழித்துவிட்டு, "எப்படியும் நாலுதானே, கதவும் அஞ்சுக்கு இளைக்கட்டும்" என்று சொல்லி, ஒன்று என்று எழுதிக்கொண்டது.